ரிசப்ஷன் மேசை அலங்காரம்: முதல் தடவை கையில் எடுப்பவர்களுக்கு

கல்யாண ரிசப்ஷனில் செலவெல்லாம் மேடைக்கே போய்விடுகிறது. வந்தவர்கள் மேடையில் நிற்பது ஒரு போட்டோ எடுக்கும் நேரம்தான். மேசையில் உட்காருவதோ அரை மணி, முக்கால் மணி. பழைய சிநேகிதரைப் பார்ப்பது, சம்பந்தி வீட்டாரோடு முதல்முறையாக உட்கார்ந்து பேசுவது, குழந்தைக்கு ஊட்டுவது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. அதனால் மேசைகளைக் கொஞ்சம் யோசித்து அலங்கரிப்பது வீண் வேலை இல்லை. பெரிய செலவும் ஆகாது. கைவேலையில் ஆசை உள்ள நான்கைந்து பேர் வீட்டில் இருந்தால், 300, 400 பேர் வருகிற ரிசப்ஷனுக்கு நீங்களே செய்துவிடலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மேசைக்கு வருகிறவர் அங்கே என்ன செய்யப்போகிறார் என்று பார்த்து, அதற்கு வேண்டிய இடத்தை முதலில் ஒதுக்க வேண்டும். மிச்சம் இருக்கிற இடத்துக்குத்தான் பூவும் விளக்கும். கீழே சொல்லப்போகும் அளவு, துணி, பூ எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

1. டேப்போடு மண்டபத்துக்குப் போங்கள்

மண்டபம் பேசி முடித்ததும், கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது ஒரு மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். பகலில் போனால் ஜன்னல் வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ரிசப்ஷன் நடப்பது ராத்திரி. எல்லா விளக்கையும் போடச் சொல்லிப் பாருங்கள். வெள்ளை டியூப்லைட் மட்டும் இருக்கிற ஹாலில் அரக்கு, அடர் சிவப்பு எல்லாம் மங்கிப்போய்க் கறுப்பாகத் தெரியும். அங்கே மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு எடுப்பாகத் தெரியும்.

அங்கே அளக்க வேண்டியது மேசைகளை. வட்ட மேசை 5 அடி விட்டம் என்றால் 8 பேரும், 6 அடி என்றால் 10 பேரும் இடிக்காமல் உட்காரலாம். உயரம் பெரும்பாலும் இரண்டரை அடி. மண்டபத்துக்கு மண்டபம் மாறும் என்பதால் நீங்களே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கூடவே எத்தனை மேசை, அதில் ஆடுகிற மேசை எத்தனை, பிளக் பாயின்ட் எங்கே, மின்விசிறியா ஏசியா, சுவரில் டேப் ஒட்ட விடுவார்களா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: சாவி எப்போது கிடைக்கும்? நம் ஊரில் பல வீடுகளில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையிலேயே ரிசப்ஷன் வைத்துவிடுகிறோம். அன்று காலையில் அதே மண்டபத்தில் வேறொரு கல்யாணம் நடந்திருக்கலாம். அவர்கள் காலி செய்து, கூட்டித் துடைத்து, உங்கள் கையில் ஹால் வரும்போது மதியம் 3 மணி ஆகிவிடும். ஆறரைக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். உங்களுக்குக் கிடைப்பது மூன்றரை மணி நேரம். வீட்டில் செய்ய முடிகிற எதையும் மண்டபத்துக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

2. எந்த மேசைக்கு அலங்காரம் வேண்டும், எதற்கு வேண்டாம்

சாப்பாடு இலை போட்டுப் பந்தியா, பஃபேயா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

இலைப் பந்தி என்றால், சாப்பாட்டு மேசையில் அலங்காரம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். டைனிங் ஹாலில் இருக்கும் நீள மேசையின் அகலம் ஒன்றே கால் அடி, ஒன்றரை அடிதான். இலை விரித்து, தண்ணீர் பாட்டிலும் பாயசக் கிண்ணமும் வைத்தால் இடம் முடிந்தது. அதில் பூ வைத்தால் ரசம் ஊற்றுகிறவர் கைக்கு இடைஞ்சல். ஒரு பந்தி முடிந்ததும் இலையோடு பேப்பர் ரோலையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் வைத்ததும் அதோடு போய்விடும். அங்கே அழகு மேசைக்கு மேலேயும் பக்கத்திலேயும்தான் இருக்க வேண்டும். வாசலில் இரண்டு வாழைமரம், சுவரோரம் தென்னங்குருத்துத் தோரணம், கைகழுவும் இடத்துக்குப் போகும் வழியில் ஒரு பூச்சரம். மேசைக்கு முன்பக்கம் ஃப்ரில் துணி கட்டுவதாக இருந்தால் தரையிலிருந்து இரண்டு இன்ச் மேலேயே நிற்கட்டும். பரிமாறுகிறவர்கள் சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம்தான் வேகமாக நடப்பார்கள். துணி காலில் சுற்றக் கூடாது.

சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு போடலாமா என்று சிலர் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களில் உணவு மேசை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் ஒன்று. பேப்பர் ரோலே போதும். ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு ஒட்டினால் காற்றில் பறக்காது.

பஃபே என்றால் வட்ட மேசைகள் வரும். நம் வேலையில் பெரும்பகுதி அங்கேதான். அதோடு வரவேற்பு மேசை, மொய் மேசை, கேக் வெட்டுவதாக இருந்தால் அதற்கு ஒன்று, தாம்பூல மேசை. பணமும் ஆளும் குறைவு என்றால் வரவேற்பு மேசையை முதலில் எடுங்கள், அடுத்து வட்ட மேசைகள். மற்றவை எளிமையாக இருந்தால் போதும்.

3. மேசைகளைப் போடும் கணக்கு

5 அடி மேசைக்கு இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு மேசையின் விளிம்பிலிருந்து அடுத்த மேசையின் விளிம்புக்கு 5 அடி. இரண்டு பக்கமும் நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் தலைக்கு ஒன்றரை அடி போகும்; நடுவில் இரண்டு அடி மிஞ்சும். தட்டோடு ஒருவர் நடக்க அது வேண்டும். அப்படியானால் ஒரு மேசைக்கு 10 அடிக்கு 10 அடி, அதாவது 100 சதுர அடி. 40 அடிக்கு 50 அடி ஹாலில் கணக்குப்படி 20 மேசை. ஆனால் மேடைக்குப் போகும் நடுவழி, பஃபே வரிசை, வீடியோகாரர் கேமரா வைக்கும் இடம் எல்லாம் கழித்தால் 14, 15 மேசைதான் நிம்மதியாகப் போட முடியும். மண்டபக்காரர் 20 போடலாம் என்பார். போட்டால் உள்ளே புகுந்து உட்கார முடியாது, நீங்கள் செய்த அலங்காரத்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

நம் ரிசப்ஷனில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று பெயர் எழுதி வைப்பது நடக்காத காரியம். வருகிறவர்கள் தங்கள் ஆட்களைத் தேடிப்போய்த்தான் உட்காருவார்கள். அதனால் பெயர் அட்டைக்குச் செலவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று மேசைகளில் மட்டும் ‘மணமகன் வீட்டார்’, ‘மணமகள் வீட்டார்’, ‘பெரியவர்களுக்கு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் மேசை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம். பஃபேக்கும் கழிப்பறைக்கும் அருகில், படி ஏறாத இடத்தில், ஒரு சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்கு ஒரு பக்கம் நாற்காலி போடாமல் விட்டு வையுங்கள். அந்த மேசைக்கு அழகு சேர்ப்பதில் முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

4. துணி

5 அடி வட்ட மேசையில் துணி தரை வரை தொங்க வேண்டும் என்றால் 60 இன்ச் மேசையோடு இரண்டு பக்கமும் 30, 30 சேர்த்து 120 இன்ச் வட்டத் துணி வேண்டும். இதைத் தைக்க முயற்சி செய்யாதீர்கள். வாடகைக்குக் கிடைக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்ததும் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து, கறை, சிகரெட் ஓட்டை இருந்தால் அன்றே மாற்றி வாங்குங்கள். மேசை எண்ணிக்கைக்கு மேல் இரண்டு துணி கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. ஏதோ ஒரு மேசையில் குழம்பு கொட்டும்.

சொந்தத் துணி வேண்டும் என்று ஆசைப்பட்டால் 7 அடிச் சதுரமாகத் தைத்துக்கொள்ளலாம். கடையில் 44 இன்ச் அகலத்தில் வரும் துணியை இரண்டு பட்டையாக இணைத்தால், தையலுக்கும் மடிப்புக்கும் போக 84 இன்ச் கிடைக்கும். அதை 5 அடி வட்ட மேசையில் போட்டால் பக்கங்கள் ஒரு அடி தொங்கும், நான்கு முனைகள் தரையைத் தொடாமல் அரை இன்ச் மேலே வந்து நிற்கும். ஒரு மேசைக்கு நாலரை மீட்டர் துணி. ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையில் மொத்தமாக எடுக்கலாம். மேசை விரிப்புகளுக்கே பெயர்போன ஊர் கரூர். பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே விசாரித்துப் பாருங்கள்.

விரிப்பின் நடுவில் குறுக்காக ஒரு பட்டைத் துணி போடுவது அழகாக இருக்கும். அதற்குப் பழைய பருத்திப் புடவைகளைப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கும். ஐந்தரை மீட்டர்ப் புடவையை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்து ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினால் ஆறு மேசைக்கு ஆகும்; ஒவ்வொரு பட்டையும் 9 அடி நீளம், 15 இன்ச் அகலம். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிக் கட்டம் இதற்கு அற்புதமாகப் பொருந்தும். பத்தமடைப் பக்கம் உள்ளவர்கள் கோரைப்பாயைக் குறுகலாகக் கேட்டு வாங்கிப் போடலாம். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் நெய்து பாய் கொடுக்கும் வழக்கம் உள்ள ஊர் அது, மேசையிலும் அந்தப் பாய் நன்றாகவே இருக்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை இரண்டு நிறமும் இலைப் பச்சையும் போதும். மூன்றாவது நிறம் சேர்த்தால் பட்டுப்புடவைக் கூட்டத்துக்கு நடுவே கண் கூசும். நடுப்பட்டை மஞ்சள், அரக்கு மாதிரி கறை தெரியாத நிறமாக இருக்கட்டும். கிறிஸ்தவக் கல்யாணங்களில் முழு வெள்ளை நன்றாக இருக்கும். இந்துக் கல்யாணத்தில் வெறும் வெள்ளையோ கறுப்போ போட்டால் வீட்டுப் பெரியவர்கள் மனம் கோணலாம். முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

5. மேசை நடுவில் என்ன வைப்பது

முதலில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். 5 அடி மேசையில் ஒவ்வொருவர் முன்னாலும் தட்டும் தம்ளருமாக ஒன்றரை அடி உள்ளே வரும். இரண்டு பக்கமும் கழித்தால் நடுவில் 2 அடி. அதில்தான் தண்ணீர் பாட்டில்கள் வந்து சேரும், யாராவது போனை வைப்பார்கள், குழந்தையின் பால் பாட்டில் வரும். ஆக அலங்காரத்துக்கு ஒரு அடி வட்டம், அதற்கு மேல் கிடையாது.

உயரத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒரு அடிக்குக் கீழே, அல்லது மெல்லிய கம்பி ஸ்டாண்டின் மேல் இரண்டு அடிக்கும் மேலே. இடைப்பட்ட உயரத்தில் எதை வைத்தாலும் எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்கும். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் யாராவது அதை எடுத்துத் தரையில் வைத்துவிடுவார்கள். முதல் தடவை செய்பவர்கள் தாழ்வானதையே செய்யுங்கள். உயரமான ஸ்டாண்டு மின்விசிறிக் காற்றில் ஆடும், குழந்தை துணியை இழுத்தால் சாயும்.

தாழ்வாகச் செய்ய இரண்டு வழிகள். முதலாவது உருளி. 10 அல்லது 12 இன்ச் உருளி வாடகைப் பாத்திரக் கடைகளிலேயே கிடைக்கும். காலியாக மேசைக்குக் கொண்டுபோய், குடத்திலிருந்து சொம்பால் தண்ணீர் ஊற்றுங்கள். நிரப்பிவிட்டுத் தூக்கினால் துணி நனையும். விளிம்புக்கு இரண்டு விரல்கடை கீழே தண்ணீர் நிற்கட்டும். காம்பை ஒட்ட வெட்டிய சாமந்தி நாள் முழுக்க மிதக்கும். ரோஜா இதழ்கள் உருளி நிறைய வேண்டாம், பாதித் தண்ணீர் தெரிந்தால்தான் அழகு. வெளி இதழ்களை உள்பக்கமாக மடித்துவிட்ட ஒரு தாமரையை நடுவில் விட்டால் அதுவே போதும்.

இரண்டாவது வழி வாழைத்தண்டு. இதை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பூக்கடைகளில் பச்சை நிற ஸ்பாஞ்சு விற்கிறார்கள். தண்ணீரில் ஊறவைத்துப் பூக்காம்பைச் செருகினால் நிற்கும். ஆனால் அது ஒரு வகைப் பிளாஸ்டிக். மக்காது, உதிர்ந்து தூளாகி மண்ணில் கலக்கும். அதே வேலையைத் தார் வெட்டிய வாழைமரத் தண்டு செய்கிறது. ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, நெடுக்காகப் பிளந்து, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். உள்ளே ஈரம் இருப்பதால் செருகிய பூ மாலை முழுக்க வாடாது. இரும்புக் கம்பியால் துளை போட்டு, இரண்டு மூன்று இன்ச் காம்போடு ரோஜாவைச் செருகலாம். காம்பு இல்லாத சாமந்தி, கோழிக்கொண்டை மாதிரிப் பூக்களுக்குத் தென்னை ஈர்க்குச்சியை நறுக்கிப் பூவின் அடியில் குத்திச் செருகுங்கள். தண்டு வெளியே தெரியாத அளவுக்கு மாவிலையும் மரிக்கொழுந்தும் கீழ்ப்பகுதியில் வரட்டும். மொத்த உயரம் 8, 9 இன்ச்சுக்குள் அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை: வாழைக்கறை துணியில் பட்டால் போகவே போகாது. வாடகைத் துணி என்றால் முழு விலையையும் கேட்பார்கள். தண்டை வெட்டி, வெட்டின பக்கத்தைப் பழைய துணியால் நன்றாகத் துடைத்து, ஒரு தட்டில் வைத்து, தட்டோடுதான் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். பாக்குமட்டைத் தட்டு இதற்குக் கச்சிதம்.

விளக்கு வேண்டும் என்பவர்கள் பேட்டரியில் எரியும் சின்ன அகல்களை வையுங்கள். சாப்பாட்டு மேசையில் நெருப்பு வேண்டவே வேண்டாம். குனிந்து தட்டை எடுக்கும்போது பட்டு முந்தானை எங்கே போகிறது என்று யாரும் கவனிப்பதில்லை.

பிளாஸ்டிக் பூவைப் பற்றியும் கேட்பீர்கள். மேடைக்குப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கட்டும். பத்துக் கல்யாணத்துத் தூசியோடு வரும் பூவைச் சாப்பாட்டுத் தட்டுக்கு ஒரு அடி தள்ளி வைக்க எனக்கு மனம் வராது.

6. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பூ

அரளி வேண்டாம். மாலையாகக் கட்டினால் பார்க்க அழகான பூதான், மலிவும்கூட. ஆனால் அந்தச் செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு. குழந்தைகள் மேசையில் இருக்கும் பூவைப் பிய்த்து வாயில் வைக்கும். செங்காந்தள் நம் மாநிலப் பூ, பார்த்தால் ஆசை வரும், அதுவும் நஞ்சு. இரண்டையும் சாப்பாட்டு மேசை, கேக் மேசை, தாம்பூல மேசைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

அடுத்தது வாசனை. மல்லிகையும் சம்பங்கியும் மாலையில்தான் முழுதாக மணக்கும். பிரியாணி வாசனையோடு சம்பங்கி வாசனை சேர்ந்தால் இரண்டுமே கெடும். மணக்கிற பூவெல்லாம் வாசலுக்கு, வரவேற்பு மேசைக்கு. சாப்பாட்டு மேசைக்கு மணம் குறைந்த ரோஜா, சாமந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி. கடைசி இரண்டும் தண்ணீர் இல்லாமலே நாள் முழுக்க நிறம் மாறாமல் இருக்கும், பெயருக்கேற்ற பூ வாடாமல்லி.

7. மாதிரி ஒன்று செய்து பார்த்து, அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். ஒரு வாரம் முன்பு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். நாலு பேரை உட்காரவைத்து, தட்டு, தண்ணீர் எல்லாம் வைத்து, முகம் தெரிகிறதா, கை இடிக்கிறதா என்று பாருங்கள். எத்தனை ரோஜா, எத்தனை கிராம் சாமந்தி, எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அப்படியே நான்கு மணி நேரம் விட்டுவிட்டு எது வாடியது என்று பாருங்கள்.

ஒன்றுக்கு 200 கிராம் சாமந்தியும் 6 ரோஜாவும் ஆகிறது, 15 மேசை என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோ சாமந்தி, 90 ரோஜா. அடிபட்டது, உதிர்ந்தது போகப் பத்தில் ஒரு பங்கு கூடச் சேருங்கள். ரோஜா கட்டு பெரும்பாலும் 20 பூவாக வரும். ஐந்து கட்டு வாங்கினால் சரியாக இருக்கும். ஒன்று செய்ய 20 நிமிடம் என்றால் 15 மேசைக்கு ஒரு ஆளுக்கு ஐந்து மணி நேரம், மூன்று பேர் உட்கார்ந்தால் ஒன்றே முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் அன்றைக்குப் பதற்றம் பாதியாகக் குறையும்.

8. பூ வாங்குவதும் வைத்திருப்பதும்

சென்னையில் கோயம்பேடு, மதுரையில் மாட்டுத்தாவணி, திண்டுக்கல் பக்கம் நிலக்கோட்டை, தெற்கே தோவாளை, கொங்குப் பக்கம் சத்தியமங்கலம் என்று எந்த ஊருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பூச்சந்தை இருக்கிறது. நீளக் காம்பு ரோஜா, ஜெர்பரா மாதிரிப் பூக்கள் பெரும்பாலும் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து வருபவை. ஒன்றை நினைவில் வையுங்கள்: உங்களுக்கு முகூர்த்த நாள் என்றால் ஊருக்கே முகூர்த்த நாள். அன்றைக்கு மல்லிகை விலை கிலோ ஆயிரங்களில் போகும். பனிக்காலத்தில் வரத்தும் குறைந்துவிடும், தை முகூர்த்தங்களில் இதை நன்றாகவே உணர்வீர்கள். மல்லிகையை நம்பி மேசை அலங்காரத்தைத் திட்டமிடாதீர்கள். சாமந்தி, ரோஜாவை ஒரு வாரம் முன்பே கடைக்காரரிடம் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

ரோஜாவை முந்தின நாள் சாயங்காலம் வாங்கலாம். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, காம்பின் அடியைச் சாய்வாக ஒரு இன்ச் வெட்டி, வாளித் தண்ணீரில் நிழலான இடத்தில் வையுங்கள். உதிரிச் சாமந்தியை மூட்டையிலேயே விட்டால் உள்ளே சூடேறி அழுகும். ஈரச் சாக்கின் மேல் பரப்பி வையுங்கள். மல்லிகை வாங்கினால் அன்று காலையில் மொட்டாக வாங்கி, வாழையிலையில் மடித்து வையுங்கள். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் பழுப்பேறிவிடும்.

9. மற்ற மேசைகள்

வரவேற்பு மேசையை வாசலுக்கு நேர் எதிரே போடாதீர்கள். ஐந்து பேர் நின்று சந்தனம் தொட்டுக்கொண்டிருந்தால் பின்னால் வருகிறவர்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான். உள்ளே வந்ததும் ஒரு பக்கமாக, 6 அடி மேசை. அதில் பொருள்கள் வருகிற வரிசையில் இருக்கட்டும்: முதலில் பன்னீர் செம்பு, அப்புறம் சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், பூ, கடைசியில் கற்கண்டு. பன்னீர் தெளிக்கும் பெண் பிள்ளைகள் நிற்க மேசைக்கு முன்னால் இடம் வேண்டும். சந்தனம் ஏசிக் காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்து வெடிக்கும், பக்கத்திலேயே சின்னப் புட்டியில் பன்னீர் வைத்து அவ்வப்போது குழைத்துவிடச் சொல்லுங்கள். குங்குமம் கொட்டும் என்பது நிச்சயம், அதற்குக் கீழே ஒரு பித்தளைத் தட்டு. கற்கண்டுக்கு ஸ்பூன் போடுங்கள். சந்தனம் தொட்ட கையை எல்லோரும் அதற்குள் விட வேண்டாம். கை துடைக்க ஈரத்துணியோ டிஷ்யூவோ, அதைப் போட மேசைக்குக் கீழே ஒரு கூடையோ வையுங்கள். இதெல்லாம் போக மிச்சமிருக்கும் பின்பக்கத்தில் உயரமாக எவ்வளவு வேண்டுமானாலும் அலங்காரம் செய்யலாம்: குத்துவிளக்கு, சம்பங்கிச் சரம், தலையாட்டி பொம்மை, மணமக்கள் பெயர்ப்பலகை. யாரும் எதிரில் உட்காரப் போவதில்லை என்பதால் உயரம் இங்கே குற்றம் இல்லை. வருகிறவர்கள் முதலில் பார்ப்பதும் இந்த மேசைதான், கைவேலையை இங்கே காட்டுங்கள்.

மொய் மேசைக்கு நல்ல வெளிச்சம்தான் அலங்காரம். துணி, ஓரத்தில் ஒரு முழம் பூ, அவ்வளவுதான். தண்ணீர் உள்ள எதையும் நோட்டுப் பக்கத்தில் வைக்காதீர்கள். எழுதுகிறவரை மறைக்கிற மாதிரிப் பூச்சாடியும் வேண்டாம், பணம் புழங்கும் இடம் நாலு பேர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கேக் மேசை ஆடவே கூடாது. கால்களுக்கு அடியில் அட்டை மடித்து வைத்துச் சமன் செய்த பிறகுதான் துணி போட வேண்டும். வீடியோகாரரின் ஃபோகஸ் லைட் நேராகப் படுகிற இடத்தில் கிரீம் உருகும், அவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கேக்கின் மேல் நேரடியாகப் பூ செருகாதீர்கள். சந்தையில் வரும் பூவில் மருந்து தெளித்திருப்பார்கள். அடித்தட்டைச் சுற்றி இலை விரித்து, அதன் மேல் பூ வைத்தால் போதும்.

பஃபே மேசையில் பாத்திரங்களுக்கு அடியில் நெருப்பு எரிவதால் தொங்குகிற துணியோ காய்ந்த தோரணமோ அருகில் வரக் கூடாது. இரண்டு கோடியிலும் ஒரு பெரிய வாழையிலை, அதன் மேல் காய்கறியும் பழமும் அடுக்கினால் அழகுதான்.

தாம்பூல மேசை வெளியே போகும் வழியில் இருக்க வேண்டும். நெய்யாத துணிப்பை என்று விற்பதும் தடைப் பட்டியலில் இருக்கிறது, பருத்தி மஞ்சப்பையாக வாங்கிவிடுங்கள். பெரிய மூங்கில் தட்டுகளில் பைகளை வரிசையாக அடுக்கி, நடுவில் ஒரு கட்டு வெற்றிலை வைத்தால் மஞ்சளும் பச்சையுமாக அதுவே அலங்காரம்.

10. அன்றைய நாள்

காலையில் வீட்டிலேயே வாழைத்தண்டு வெட்டித் துடைத்து, ஈர்க்குச்சி செருகிய பூக்கள் தயார். 11 மணிக்கு ஆரம்பித்தால் 1 மணிக்குள் செய்து முடித்து, அட்டைப் பெட்டியில் வாழையிலை விரித்து அடுக்கிவிடலாம். காரில் கொண்டுபோகும்போது ஏசி போடுங்கள், ஜன்னல் காற்று பூவைக் கருக்கிவிடும்.

3 மணிக்கு ஹால் கிடைத்ததும் முதல் வேலை மேசைகளைப் போடுவது. துணியை விரிக்கும் முன் நாற்காலியும் போட்டு நடந்து பாருங்கள், துணி போட்ட மேசையை நகர்த்துவது பெரும்பாடு. நாலு மணிக்குத் துணி. மடிப்புச் சுருக்கம் இருந்தால் தண்ணீர் தெளித்து இழுத்துவிட்டு மின்விசிறியைப் போடுங்கள், அரை மணியில் சரியாகும். ஐந்து மணிக்கு நடுவில் வைக்கும் பூத்தட்டுகள், உருளித் தண்ணீர். ஐந்தரைக்கு வரவேற்பு மேசை. சந்தனம் கரைப்பது கடைசி வேலை. ஆறு மணிக்கு ஒருவர் மட்டும் ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து எழுந்து வரட்டும். நின்று பார்த்தால் தெரியாத குறை உட்கார்ந்தால் தெரியும்.

கத்தரிக்கோல், நூல், வாழைநார், ஊக்கு, குண்டூசி, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், பேட்டரி, பழைய துணி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் ஒரே கூடையில், ஒரே ஆள் பொறுப்பில். ரிசப்ஷன் நடக்கும்போதும் அவர் கண் மேசைகள் மேல் இருக்க வேண்டும். எட்டு மணி வாக்கில் ஒரு சுற்று போய்க் கறைபட்ட துணியை மாற்றி, சாய்ந்த பூவை நிமிர்த்துவது அவர் வேலை. அந்தப் பொறுப்பைக் கல்யாணப் பெண்ணின் அக்காவுக்கோ அம்மாவுக்கோ கொடுக்காதீர்கள். அவர்கள் மேடையில் போட்டோவில் நிற்க வேண்டியவர்கள்.

11. முடிந்த பிறகு

வாடகைச் சாமான் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருங்கள். உருளிகளைத் தண்ணீர் கொட்டி, துடைத்து, எண்ணி, அன்று ராத்திரியே ஒரு அறையில் பூட்டுங்கள். காலையில் முகூர்த்த அவசரத்தில் ஒன்று சமையற்கட்டுக்குப் போய்விட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். மேசைத் துணிகளை ஈரத்தோடு மூட்டை கட்டாதீர்கள், பூசணம் பிடித்தால் பிடித்தம் செய்வார்கள்.

வாடாத பூத்தட்டுகளை மறுநாள் காலை முகூர்த்தத்தின்போது தாம்பூல மேசைக்கும் மணவறைக்குப் பக்கத்திலும் வைக்கலாம். மற்றவற்றில் ஊக்கு, கம்பி, டேப் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எடுத்துவிட்டு, ஈர்க்குச்சியையும் உருவிவிட்டு, வாழைத்தண்டையும் இலையையும் தனியாகக் குவியுங்கள். மாடு வைத்திருப்பவர்களிடம் சொன்னால் தண்டையும் இலையையும் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். பூ மட்டும் உரக்குழிக்குப் போகட்டும். மருந்து தெளித்த பூவை மாட்டுக்குப் போட வேண்டாம்.